பதினாலும் நாற்பத்து நாலும்

ஜூன் 2, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகப் பால் கணக்குக்குக்கூட எடுக்கவில்லை. இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. ஆறு வருடம் நாமக்கல்லில் தற்காலிக லேப் டெக்னீஷியனாக இருந்தவளுக்கு நிரந்தர வேலை உத்தரவு வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையம், கொல்லிமலை.

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நான் போனதில்லை. போனவர்கள் மலை அப்படியே தெரியும் என்பார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். என் கால் இரண்டும் போலியோவில் போனவை. காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி போட்டு, ஒரு ஊன்றுகோலோடு நடப்பேன். மேலே ஊழியர் குடியிருப்பு கூரை ஒழுகிப் பூட்டிக் கிடக்கிறதாம். முதல் பஸ் பத்து மணிக்குத்தான் போய்ச் சேரும், அதன் படியும் என் இடுப்பு உயரம்.

"நான் கொண்டாந்து உடறனில்ல, அப்பறமென்ன?" என்றார் மாதேஸ்வரன். என் கணவர். பதினெட்டு வருடமாக முட்டை வண்டி ஓட்டுகிறவர்.

ஜூன் 3, திங்கள்

அவருடைய பைக்கில் போனோம். நான் பின்னால், ஊன்றுகோல் பக்கவாட்டில் கயிற்றால் கட்டி.

மலையைப் பற்றி என்ன எழுதுவது? காரவள்ளியில் முதல் வளைவு. இருபதாவது வளைவில் காது அடைத்தது. நாற்பதுக்கு மேல் காற்றின் வாசனை மாறிவிட்டது. முப்பத்து நாலு வருடம் இதன் அடிவாரத்தில் வாழ்ந்திருக்கிறேன், இது இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருக்கலாம்.

ஐம்பத்து இரண்டாவது வளைவில் இடது பக்கம் ஒரு மாடு நின்றிருந்தது. நான் கத்திய பிறகுதான் அவர் திருப்பினார். "மூஞ்சிக்கு நேரா வெயில்" என்றார். அங்கே பனிமூட்டமாக இருந்தது.

லேப் ஒரு சின்ன அறை. மைக்ராஸ்கோப் மேல் போட்டிருந்த துணியில் மூன்று வருடத் தூசி. துடைத்து, என் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். தெளிவாகத் தெரிகிறது. நல்ல லென்ஸ்.

ஜூன் 5, புதன்

சோதனை: 14. ரத்தம் 9, சிறுநீர் 3, சளி 2.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பெயர் பொன்னாயி, மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். ஹீமோகுளோபின் 5.2. இயந்திரம் தப்போ என்று இன்னொரு முறை பார்த்தேன். அதே 5.2. டாக்டர் நிவேதிதா சீட்டைப் பார்த்ததும் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். "போன மாசமா இருந்தா சாம்பிள் கீழ போயி ரிசல்ட் வர நாலு நாள் ஆயிருக்கும்" என்றார். கை கழுவப் போனேன், ரொம்ப நேரம் கழுவினேன்.

ஜூன் 7, வெள்ளி

அவருக்கு முட்டை லோடு குறைந்துவிட்டதாம். முதலாளி கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வெயில் காலத்தில் முட்டை விலை இறங்கும், அதனால்தான். வண்டிக் கண்ணாடி கோழிப்பண்ணை கேட்டில் உரசி உடைந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். நான் கேட்கவேயில்லை.

காலையில் டீ டம்ளரை முழங்கையால் தட்டிவிட்டார். தூக்கம் போதவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

வளைவு 36. எதிரே இறங்கிய ஜீப் எங்கள் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. நின்றுவிட்டோம். ஜீப் ஓட்டியவர் இறங்கி வந்து, "ஏனுங்க, ஆரன் அடிச்சுட்டேதான வாறன்? கண்ணு தெரியலீங்களா?" என்றார்.

இவர் குனிந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் இவரை நோக்கி யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கீழே நாமக்கல்லுக்குப் போய்வந்த என் ஸ்கூட்டரை மலைக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. சொந்தமாகப் போய் வந்தால் நல்லதுதானே.

ஜூன் 16, ஞாயிறு

அவர் முடிவெட்டப் போன நேரத்தில் கிளம்பிவிட்டேன். ஒன்பது வருடப் பழைய கியர் இல்லாத ஸ்கூட்டர். பின்னால் இரண்டு பக்கமும் துணைச்சக்கரம். அந்த இரும்புச் சட்டமே நாற்பது கிலோ.

முதல் வளைவு ஏறியது. இரண்டாவது, மூன்றாவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு. வளைவுக்குள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். குறைத்தால் திரும்ப வேகம் எடுக்க வரவில்லை. ஐந்தாவது வளைவில், முழு ஆக்சிலேட்டர் திருகிய நிலையில், ஒரு பெருமூச்சு விட்டதுபோல் நின்றது. பிரேக்கையும் மீறிப் பின்னால் ஒரு முழம் உருண்டது. ரப்பர் கருகும் நாற்றம்.

சாலையோரம் முள்முருங்கை பூத்திருந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு பேர் வந்து திருப்பிவிட்டார்கள்.

ஜூன் 17, திங்கள்

டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். இந்த இரண்டு வாரத்தில் நான்கு நாள் தாமதம். (என் வீட்டுக்காரர் பைக்கை ரொம்ப மெதுவாக ஓட்டுகிறார்.) "உங்களைக் குறை சொல்லல, செல்வி. ஆனா இவ்வளவு சிரமப்பட்டு வரணுமா? மாவட்ட ஆபீஸ்ல பதிவேடு பிரிவுல இடம் இருக்கு. நான் எழுதித் தரேன். மாச கடைசிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் கஷ்டம். மைக்ராஸ்கோப் மேல் துணியைத் திரும்பப் போடும்போது கை வரவில்லை.

ஜூன் 19, புதன்

அப்பாஸ் பாய் பட்டறை, நாமக்கல். துணைச்சக்கரம் மாட்டிக் கொடுத்தவரே அவர்தான். ஐம்பது வயது, குண்டு உடம்பு, பேசும்போது வண்டியைப் பார்த்துத்தான் பேசுவார்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "இஞ்சின்ல ஒரு குறையும் இல்லம்மா. இது ரோட்டுல ஓடுறதுக்குப் போட்ட பல்லு. மலை ஏறுறதுக்குப் போட்டதில்ல."

"கியர் இல்லாத வண்டிதானங்க பாய்?"

"நீங்க கையால மாத்துற கியர் இல்ல, அவ்வளவுதான். பின்சக்கரத்துக்கிட்ட ஒரு பெட்டி இருக்கு. அதுக்குள்ள பல்லுச்சக்கரம் நிக்குது. இஞ்சின் எத்தன சுத்து சுத்துனா டயர் ஒரு சுத்து சுத்தணும்னு அதுதான் முடிவு பண்ணுது."

முதலில் பெல்ட்டும் அதைச் சுற்றும் தட்டுக்குள் இருக்கும் ஆறு உருளைகளும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். கொஞ்சம் எடை குறைவான உருளை போட்டால் இஞ்சின் சீக்கிரம் முறுக்கேறுமாம். போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

லீவு. ஒன்பதாவது வளைவு வரை ஏறியது. நாலு வளைவு கூடுதல். நின்றது.

ஜூன் 21, வெள்ளி

அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். இந்த வீட்டில் பதினோரு வருடமாக இருக்கிறோம். நிலை நகரவில்லை.

தைலம் தேய்த்துவிட்டேன். "கெழவனாயிட்டனாட்ட" என்று சிரித்தார். நாற்பத்து இரண்டு வயது. நானும் சிரித்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று பார்த்ததை விரிவாக எழுத வேண்டும்.

ஞாயிறு என்றாலும் எனக்காகப் பாய் பட்டறையைத் திறந்தார். பின்சக்கரத்தைக் கழற்றி, பெட்டியைத் திறந்தார். ஒரு டம்ளர்கூட இல்லாத கருத்த எண்ணெய் வடிந்தது. உள்ளே உள்ளங்கை அளவு இடம். அதில் இரண்டு ஜோடி பல்சக்கரங்கள். இவ்வளவுதானா? ஒன்பது வருடமாக என்னைச் சுமந்தது இதுதானா?

முதல் ஜோடியைக் கழற்றித் துடைத்து என் மடியில் விரித்த பழைய பேப்பர் மேல் வைத்தார். "நீங்கதான் ரத்தத்துல அணுவ எண்றவங்களாச்சே. எண்ணுங்க பாப்போம்."

மார்க்கர் பேனாவால் ஒரு பல்லில் புள்ளி வைத்து எண்ணினேன். சின்னதில் பதினாறு. பெரியதில் நாற்பத்து இரண்டு. வகுத்தேன்: 2.625. சின்னது இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் பெரியது ஒரு சுற்று.

பிறகு வேறொரு பேப்பர் பொட்டலத்தை அவிழ்த்தார். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையிலிருந்து வரவழைத்ததாம். இதே கம்பெனியின் வேறொரு சின்ன வண்டியில் இருந்தது, இதே பெட்டிக்குள் உட்காரும். சின்னதில் பதினாலு. பெரியதில் நாற்பத்து நாலு.

கூட்டிப் பார்த்தேன். அதுவும் ஐம்பத்து எட்டு, இதுவும் ஐம்பத்து எட்டு.

"பாய், கூட்டுத்தொகை மாறலீங்க!"

"எப்பிடிம்மா மாறும்? ரெண்டு ஷாஃப்ட்டும் நிக்கிற எடம் அதேதான. சின்னதுல ரெண்டு பல்லு எறக்குனா பெருசுல ரெண்டு ஏத்தணும். இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு கடிக்காது."

நாற்பத்து நாலைப் பதினாலால் வகுத்தால் இருபத்து இரண்டின் கீழ் ஏழு. பள்ளிக்கூடத்தில் வட்டம் போட்ட நாளெல்லாம் எழுதிய எண், இங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு என் மடியில் கிடக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாயிடம் சொன்னேன். "அப்பிடியா?" என்றார், ஸ்பேனரைத் தேடிக்கொண்டு.

இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடும். வேகம் குறையும். அறுபதில் போன வண்டி இனி ஐம்பதுதான் போகும். இஞ்சினின் சக்தியில் ஒரு துளிகூட ஏறவில்லை. அதே இஞ்சின், அதே பெட்ரோல். நான்கு பல் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மனிதர்கள் இதை எப்போது கண்டுபிடித்தார்கள்? முதன்முதலில் பார்த்தவர் அன்றிரவு தூங்கியிருப்பாரா?

மாட்டுவதற்கு முன் பாய் கேட்டார்: "ஒத்த ஆளுக்கா, ரெண்டு பேருக்கா? நீங்க மட்டும்னா இவ்வளவு வேணாம். பதினஞ்சு, நாப்பத்துமூணுன்னு ஒரு ஜோடி இருக்கு. தரையில வேகம் ரொம்பக் குறையாது."

"ரெண்டு பேருக்குங்க."

முதல்முறையாக வண்டியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "மாதேசு அவரு பைக்குலதானம்மா வருவாரு?"

"ரெண்டு பேருக்கே போட்டுடுங்க பாய்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் இங்கே மேற்கொண்டு எழுதவில்லை.

ஜூன் 24, திங்கள்

பைபாஸில் ஓட்டிப் பழகினேன். கிளம்பும்போது முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் பாய்கிறது. நாற்பத்தைந்துக்கு மேல் இஞ்சின் கூச்சல் போடுகிறது. சைக்கிளைத் தவிர எல்லாம் என்னை முந்திக்கொண்டு போயின. ஒரு மொபெட்டில் தேங்காய் மூட்டையோடு போனவர்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவரிடம் சொல்லிவிட்டேன். நாளை நானே போகிறேன் என்று. "ஏன், நான் ஓட்டறது புடிக்கலியா?" என்றார்.

"அதெல்லாமில்லீங்க. உங்களுக்குந்தான் வேல வந்துருமில்ல. அப்பறம் திடீர்னு நான் என்ன பண்றது?"

நாங்கள் இருவருமே அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

ஜூன் 25, செவ்வாய்

எழுபது.

ஜூன் 25, செவ்வாய் (மாலை)

காலையில் லேப்பில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்தான் எழுத முடிந்தது. இப்போது எழுதுகிறேன்.

ஆறே கால் மணிக்குக் காரவள்ளி தாண்டினேன். ஐந்தாவது வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தேன், திரும்பினேன், ஆக்சிலேட்டரைத் திருகினேன். இஞ்சின் குரலை உயர்த்தியது. நிற்கப்போகிறது என்று இன்னொரு காலத்தில் நினைத்திருப்பேன். நிற்கவில்லை. ஏறியது. ஒன்பதாவதில் ஏறியது. பதினெட்டு கிலோமீட்டர் வேகம். அதற்கு மேல் போகவில்லை, அதற்குக் கீழே இறங்கவும் இல்லை. மலை எவ்வளவு செங்குத்தாக நின்றாலும் அது பாட்டுக்கு அதே பதினெட்டில் ஏறிக்கொண்டே இருந்தது.

நாற்பதைத் தாண்டியதும் மேகத்துக்குள் போனேன். கண்ணாடியில் நீர் கோத்தது. ஒரு வளைவில் மேகம் விலகி, கீழே சமவெளி முழுக்கத் திறந்தது. ஏரிகள், தென்னந்தோப்புகள், எங்கோ எங்கள் ஊர். நான் ஏறி வந்த சாலை கீழே மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது. நான் மாடிப்படிகூட ஏறாதவள். என்னைத் தூக்காமல், பிடிக்காமல், யாரும் நகர்ந்து வழிவிடாமல் இவ்வளவு உயரத்துக்கு நான் எப்போது வந்தேன்?

எட்டு பதினைந்துக்கு லேப். டாக்டர் வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இதுலயா? நீங்களேவா?" என்றார். பதிவேடு பிரிவைப் பற்றிப் பேசவில்லை. நானும்.

இறங்கியதைப் பற்றி இரண்டு வரி. இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே இறங்கினேன். முப்பத்து ஒன்றாம் வளைவில் பிரேக் பிடி கைப்பிடியோடு ஒட்டிவிட்டது, வண்டி நிற்கவில்லை. சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லியில் ஏற்றி நிறுத்தினேன். சக்கரத்திலிருந்து புகை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மிளகு ஏற்றிப்போன ஜீப்காரர் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 26, புதன்

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் வண்டிப் பக்கம் குனிந்து மோந்து பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"பிரேக்குக்குள்ள இருக்கற சூ கட்டை கருகியிருக்குது. எத்தனாவது வளவுல போச்சு?"

"முப்பத்தொண்ணுங்க."

முகம் வெளுத்துவிட்டது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஏறத் தெரிஞ்சாப் பத்தாது புள்ள. எறங்கத் தெரியணும். சூ மாத்தற வரைக்கும் லீவு போடு. திங்கக்கெழம நான் பின்னால உக்காந்து வாறன். எப்பிடி எறங்கறதுன்னு காட்டறன்" என்றார்.

"சரிங்க" என்றேன். எனக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் வருகிறார். அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 29, சனி

பாய் பிரேக் சூ மாற்றிக்கொடுத்தார். பெட்டி எண்ணெயையும் பார்த்தார், சுத்தமாக இருக்கிறதாம். நான் ரசம் வைத்து எடுத்துப்போயிருந்தேன். தூக்குச்சட்டியைத் திருப்பித் தரும்போது, "பின்னால உக்காரப் போறாராமே" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள்

அவர் இதற்கு முன் யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் தொடையில் வைத்தார், பிறகு பின்கம்பியைப் பிடித்தார். என் எடை ஐம்பத்து இரண்டு, அவர் எழுபத்து ஒன்று, இரும்புச் சட்டம் நாற்பது.

முப்பது வளைவு தாண்டியது. பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தோம்.

நாற்பத்து ஆறாவது வளைவில் சுற்றுலா பஸ் ஒன்று திரும்ப முடியாமல் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. வளைவின் நட்ட நடுவில், இருக்கிறதிலேயே செங்குத்தான இடத்தில், நான் நிற்க வேண்டியதாகிவிட்டது. எனக்குப் பின்னால் இரண்டு கார்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். ஓடிக்கொண்டே ஏறுவது வேறு, நின்ற இடத்திலிருந்து கிளம்புவது வேறு. ஐந்தாவது வளைவில் ஒரு முழம் பின்னால் உருண்டது ஞாபகம் வந்தது.

"நான் எறங்கித் தள்ளட்டா?" என்றார்.

"உக்காருங்க."

பஸ் போனது. பிரேக்கை விடாமல் ஆக்சிலேட்டரைத் திருகினேன். இஞ்சின் குரல் ஏறியது. சட்டம் அதிர்ந்தது. பிரேக்கை மெல்ல விட்டேன்.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நூற்று இருபத்து மூன்று கிலோ மனிதர்களும் அத்தனை இரும்பும் அந்தச் சரிவில் அப்படியே நின்றோம். பிறகு டயர் ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னொரு விரற்கடை. பதினாலு பல்லும் நாற்பத்து நாலு பல்லும் ஒன்றையொன்று கடித்து, ஒவ்வொன்றாக எங்களைத் தூக்கிக்கொண்டிருப்பதை நான் பார்க்கவில்லை, ஆனால் முதுகெலும்பில் உணர்ந்தேன். ஏறினோம்.

"அடேங்கப்பா" என்றார் பின்னாலிருந்து. சின்னப் பையன் ராட்டினத்தில் சொல்வதுபோல. "நின்னுட்டு ஏறுது புள்ள! நின்னுட்டு ஏறுது!" பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவர்.

பகல் முழுக்க ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பொன்னாயியின் புருஷன் வந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு ரத்தம் ஏற்றி, இப்போது ஹீமோகுளோபின் எட்டரைக்கு வந்திருக்கிறதாம்.

மாலை இறங்கினோம். "பிரேக்கப் புடிச்சுட்டே வராத. வளவுக்கு மின்னால புடி, அழுத்திப் புடி, உட்ரு" என்றார். "நடுவுல ஆக்சிலேட்டர மூடி வெச்சுக்க. இஞ்சினே புடிச்சு நிறுத்தும்."

அறுபதாவது வளைவுக்கு அருகில் வண்டி திடீரென்று லேசாகி ஓட ஆரம்பித்தது. நான் சொல்வதற்குள் அவர் சொன்னார்: "உட்ருச்சு. ரொம்ப மெதுவாப் போனா கிளச்சு கைய உட்ரும். துளி குடு. துளிதான். ஆ... புடிச்சுருச்சு. இப்ப மூடு." இஞ்சின் உறுமிப் பிடித்தது. நான் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. காதால் மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தார். "இந்தப் பல்லு மாத்துனது எறங்கறதுக்குந்தான் நல்லது. பழசா இருந்தா இருவதுலயே உட்டுருக்கும். இது பதினாறு வரைக்கும் புடிக்குது." பாய்கூட இதைச் சொல்லவில்லை. ஏற்றத்துக்கு என்று வாங்கியது இறக்கத்திலும் பிடித்துக்கொள்கிறது.

எழுபது வளைவும் அவர் குரலில் இறங்கினேன். இனிமேல் ஏறும்போதெல்லாம் ஏறுவது மட்டுமே நினைவிருக்கும், இறங்கும் பயம் இருக்காது.

காரவள்ளியில் நிறுத்தினேன். இறங்கிக் குனிந்து, பின்சக்கரத்து பிரேக் டிரம்மில் உள்ளங்கையை வைத்தார். "பாரு, வெதுவெதுன்னுதான் இருக்குது." கையை எடுக்காமல் குனிந்தபடியே சொன்னார்:

"எனக்குப் பக்கவாட்டுல ஒண்ணுமே தெரியல, செல்வி. நேரா மட்டுந்தான். கொழா வழியாப் பாக்கறாப்பல. நாலு மாசமாச்சு. முட்டை வண்டிய முதலாளி திருப்பி வாங்கிட்டாரு. லோடு கொறவுன்னு சொன்னதெல்லாம் பொய்யி."

"தெரியுமுங்க."

"எப்பருந்து?"

"மொத நாளு மாட்டப் பாக்காம போனீங்களே, அப்பருந்து. பாய்கிட்ட ரெண்டு பேருக்குப் பல்லு போடச் சொன்னதே அதுக்குத்தான்."

எழுந்து என்னைப் பார்த்தார். நேராக. அவருக்குத் தெரிகிற இடத்தில் நான் இருந்தேன்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்களே சொல்லட்டும்னு இருந்தனுங்க."

டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். எனக்குப் பசித்தது. போண்டா சாப்பிட்டேன், மூன்று.

ஜூலை 6, சனி

நாமக்கல்லில் கண் ஆஸ்பத்திரி. முதலில் முடிவை எழுதிவிடுகிறேன். குளுக்கோமாவாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்திருக்கிறது. போன பார்வை வராது. காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வண்டி ஓட்டக் கூடாது, இனி எப்போதும். டாக்டர் கார்டில் ஒரு வட்டம் போட்டு, தெரியாத பகுதியைப் பேனாவால் கருப்படித்துக் காட்டினார். நான் பயந்ததைவிடக் கருப்பு அதிகம். ஆனால் நடுவில் வெள்ளையாக ஓர் இடம் இருந்தது, சின்னது இல்லை.

அவர் கார்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தன நாளு இதுக்குள்ளயா முட்டைய ஏத்திட்டு சேலம் போயிட்டு வந்துருக்கறன்?" என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்தது ஒன்று. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பரிசோதனைக்கு முன்பு ஒரு நர்ஸ் பெண் வந்து, கண்மணி விரிவதற்கு மருந்து ஊற்ற வேண்டும் என்றாள். "ஊத்துனா நாலஞ்சு மணி நேரத்துக்கு மங்கலாத்தான் தெரியும், அண்ணா. நீங்க வண்டி ஓட்டிட்டுப் போக முடியாது. கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

என்னையும் என் ஊன்றுகோலையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வேற யாராச்சும்?" என்றாள்.

அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை அகலத் திறந்து, மருந்துக்குத் தயாராகிவிட்டிருந்தார். அப்படியே கூரையைப் பார்த்தபடி, அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"நீ ஊத்து கண்ணு. ஓட்டறதுக்கு என்ற சம்சாரம் இருக்குது. கொல்லிமலையவே ஏறி எறங்கற ஆளு."